மருந்தைக் காக்கும் மருத்துவர்

நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என்னும் நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்று கூறி முடிகிறது திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம். கிருமிக்கொல்லி மருந்துகள் தோன்றிய பின்னர், ஐந்தாவதாக ஒருவரையும் கணக்கில் சேர்க்க வேண்டியதாயிற்று. அவர் நாளை நோயுறப் போகும் அயலார். ஒருவருக்கு வேண்டாத இடத்தில் கொடுத்த மருந்து, மற்றொருவருக்கு வேண்டிய காலத்தில் பயனற்றுப் போகக்கூடும். அந்த அயலாருக்காகவும் சிந்திக்கும் மருத்துவரை உருவாக்க எழுந்த முயற்சியின் வரலாறு அறியத்தக்கது.

கதை மெய்யாயிற்று

1928இல் பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாந்தர் பிளெமிங், 1945 டிசம்பரில் ஆற்றிய நோபல் சொற்பொழிவில் ஒரு கற்பனைக் கதை கூறினார். தொண்டைவலி கண்ட ஒருவர் தாமே பென்சிலின் வாங்கிக் குறைந்த அளவில் உட்கொள்கிறார். கிருமிகள் மடியாமல் மருந்தைத் தாங்கப் பழகிவிடுகின்றன. அவை மனைவியைத் தொற்றியபோது பென்சிலின் பலிக்கவில்லை, மனைவி இறந்துவிடுகிறார்.

கதை மெய்யாக நெடுநாள் ஆகவில்லை. இலண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் சீழ் உண்டாக்கும் ஸ்டபிலோகாக்கஸ் கிருமிகளை ஆராய்ந்தவர் மேரி பார்பர் அம்மையார். 1948க்குள் அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை பென்சிலினுக்கு அடங்காதவையாயின. பின்னர் அம்மையார் அங்குப் பென்சிலின் வழங்குவதைக் கட்டுப்படுத்தும் முறையை ஏற்படுத்தினார். மருந்துக்கு அடங்காத கிருமிகள் குறைந்தன என்ற முடிவு 1960இல் வெளியாயிற்று. இழந்த வலிமையை ஓரளவேனும் மீட்கலாம் என்பதற்கு அது சான்று.

போஸ்டன் பரம்பரை

அட்லாண்டிக்குக்கு அப்பால், போஸ்டன் நகர மருத்துவமனையில் மாக்ஸ்வெல் பின்லாந்து என்னும் பேராசிரியர் இதே கவலையுடன் உழைத்து வந்தார். 1902இல் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்காவில் குடியேறியவர் அவர். 1935 முதலாகத் தேர்ந்தெடுத்த ஆண்டுகளின் குருதித்தொற்றுக் கணக்கை ஒப்பிட்டுப் பார்த்து, புது மருந்துகள் சில கிருமிகளை ஒடுக்க, வேறு சில தலையெடுப்பதை எடுத்துக்காட்டினார். 1963இல் தோன்றிய அமெரிக்கத் தொற்றுநோய்க் கழகத்தின் முதல் தலைவரும் அவரே. அவரிடம் பயின்று சென்ற மருத்துவர் பலர் பிற நகரங்களில் ஆசிரியராயினர்.

அம்மருத்துவமனையில் ஒரு விதி இருந்தது. குறிப்பிட்ட சில மருந்துகளை வழங்க விரும்பும் மருத்துவர், தொற்றுநோய்த் துறையில் பயிலும் இளம் மருத்துவரிடம் காரணம் கூற வேண்டும். விதியின் பயனைப் பின்லாந்தும் அவர் மாணவர் ஜான் மக்கோவனும் ஆராய்ந்து 1974இல் வெளியிட்டனர். காரணம் கேட்கப்பட்ட மருந்துகளின் செலவு குறைந்தது; கேட்பது நின்றதும் செலவு மீண்டும் ஏறியது.

இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. காரணம் கேட்கும் இளைஞருக்கு அதுவே வகுப்பறை. தம்மினும் மூத்த அறுவை மருத்துவரிடம், “இம்மருந்து இந்நோயாளிக்கு எதற்கு?” என்று பணிவு குன்றாமலும் உறுதி தளராமலும் கேட்கப் பழகினார் அவர். மற்றொன்று, விதி மட்டும் மனத்தை மாற்றிவிடாது என்பது. பிரம்பு இருக்கும்வரை அமைதியாக இருந்து, ஆசிரியர் வெளியேறியதும் கூச்சலிடும் வகுப்பைப் போன்றதே அந்நிலை.

சொல்லும் பயிற்சியும்

அதே மக்கோவன், டேல் கெர்டிங் என்பாருடன் 1996இல் எழுதிய கட்டுரை வழியாகவே ‘ஸ்டூவர்ட்ஷிப்’ என்னும் சொல் இத்துறையில் வழங்கலாயிற்று. ஸ்டூவர்டு என்பவர் பிறர் உடைமையைப் பேணிக் கணக்குக் காட்டும் காரியக்காரர். தமிழில் ‘காப்பாண்மை’ எனலாம்.

2007இல் வெளியான அமெரிக்க நெறிமுறைகள், தொற்றுநோய் மருத்துவரும் அத்துறையில் பயின்ற மருந்தாளரும் குழுவுக்கு அடிப்படை என வகுத்தன. முன் அனுமதி பெறச்செய்வது ஒரு வழி. கொடுத்த மருந்தைப் பின்னர் ஆய்ந்து, கொடுத்தவரிடமே கருத்துரைப்பது மற்றொரு வழி. முன்னது விரைவில் பயன் தரும். பின்னது மருத்துவரின் உரிமையைக் காத்து, கற்பிக்கவும் இடந்தரும். 2017 ஜனவரி முதல், அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் கூட்டு ஆணையம் இத்தகைய திட்டத்தைக் கட்டாயமாக்கியது. அதே ஆண்டில் மலேசியாவும் சிங்கப்பூரும் தத்தம் தேசியத் திட்டங்களை வகுத்தன.

திட்டங்கள் பெருகவே தலைவர்கள் தேவையாயினர். நுண்ணுயிரியலும் மருந்தியலும் அறிந்தால் மட்டும் ஒருவர் தலைவராகிவிட முடியாது. மருந்துச் செலவை அளக்கவும், கிருமிகளின் போக்கைக் கணக்கிடவும், நிர்வாகத்தாரிடம் பொருளுதவி பெறவும், உடன்படாத தோழரை இணங்கச் செய்யவும் அவர் பயில வேண்டும். ஆதலின் பின்லாந்து தலைமை தாங்கிய கழகமே பயிற்சி மருத்துவருக்கென இதற்குத் தனிப் பாடத்திட்டம் வகுத்துள்ளது.

2019இல் மருந்துக்கு அடங்காத கிருமிகளால் நேர்ந்த இறப்புகள் உலகெங்கும் சுமார் 12 இலட்சத்து 70 ஆயிரம் என அறிஞர் மதிப்பிட்டனர். புது மருந்து காண்பது ஆய்வுக்கூடத்தின் கடன். இருக்கும் மருந்தைக் காப்பதோ, ஒரு மருத்துவர் மற்றொரு மருத்துவருக்குப் பொறுமையோடு எடுத்துரைப்பதில் அடங்கியுள்ளது. அதனால் அக்காப்பாளருக்கு மருத்துவம் எவ்வளவு வேண்டுமோ, அவ்வளவு ஆசிரியத் திறனும் வேண்டும்.