பாவு நீளும் தெரு

காஞ்சிபுரத்து நெசவாளியின் பட்டறையில் பாதி வீட்டுக்குள் இருக்கிறது, மீதி தெருவில். ரவிக்கைத் துணியோடு ஒரு சேலை 6 மீட்டரைத் தாண்டும். மூன்று சேலைக்குச் சேர்த்துப் போடும் பாவு, அதாவது நெசவின் நீளவாட்டு இழைகள், 18 மீட்டருக்கு மேல் போகும். அதை எந்த வீட்டுக் கூடத்தில் நீட்டுவது? அதனால்தான் பிள்ளையார்பாளையம் போன்ற பகுதிகளில் வெயில் ஏறுமுன் தெருவில் பாவை நீட்டி, கஞ்சி போட்டு, அறுந்த இழையை முடிந்து, அக்கம்பக்கத்தார் கைகொடுக்கச் சுருட்டி எடுப்பது வழக்கமானது. காலையில் பட்டறையாக இருக்கும் இடம் பிறகு வண்டிப்பாதை. ஒரே தெரு, வேளைக்கொரு வேலை.

நெசவாளர் இந்நகரின் ஓரத்தில் ஒண்டியவர்கள் அல்லர். காஞ்சியின் பழைய பெயரான கச்சிப்பேட்டின் ஊரகத்துக் கோயில் நிர்வாகத்தில் நான்கு சேரி நெசவாளருக்குப் பொறுப்பு இருந்ததை 10ஆம் நூற்றாண்டின் உத்தம சோழன் செப்பேடு சொல்கிறது. 1914-15இல் இங்கே வந்த நகரத் திட்ட அறிஞர் பேட்ரிக் கெடிஸ், கோயில்களோடு நிறுத்தாமல் நகர அமைப்பையே வியந்தார். பழைய தெருக்களை இடித்து நேராக்குவது அவருக்குப் பிடிக்காது. நடந்து பார்த்தபின் திட்டமிடு என்பதே அவர் முறை.

இன்று திட்டமிடுபவர் நிபந்தனைகளைக் கொடுத்தால் கணினி ஆயிரம் நகர வரைபடங்களைப் போட்டு, எது மேல் என்று தரவரிசையும் தரும். கொடுக்காத நிபந்தனை அதற்குத் தெரியாது. வாகன நெரிசல், நிறுத்துமிடம், கடை வாடகை இவற்றை மட்டும் கொடுத்தால், பாவு நீட்டும் தெரு அதன் கணக்கில் வெற்றிடம்தான். 1964இல் சமூகவியலாளர் ரூத் கிளாஸ் லண்டனில் பெயரிட்ட மாற்றம், வசதியுள்ளோர் வர உழைப்பவர் விலகுவது, இங்கே இப்படிச் சத்தமில்லாமல் நடக்கலாம்.

நெசவாளரை வெளியேற்றுவது தெருவா, குறைந்த கூலியா என்று கேட்பார்கள். கூலிதான் முதற்காரணம்; 1998இல் இம்மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியபின் இளைஞருக்கு வேறு வழியும் திறந்தது. ஆனால் கூலி குறைவாக இருப்பதாலேயே வாடகையில்லாத தெரு அவசியமாகிறது. அதை எடுத்துக்கொண்டால் பாவு போடும் இடத்துக்கும் நெசவாளர் காசு கொடுக்க வேண்டும். பழைய தெரு எல்லோருக்கும் பொதுவாக இருந்ததா என்ற கேள்வி இன்னும் கனமானது. இல்லை, சாதி பார்த்துத்தான் வீடுகள் அமைந்தன. ஆகவே பழைய வரைபடத்தை அப்படியே மீட்டெடுக்கத் தேவையில்லை. 18 மீட்டருக்கு மேற்பட்ட நீளம், விடியற்காலை நேரம், சாதி கேளாத பயன்பாட்டு உரிமை: இம்மூன்றையும் கணினிக்கு நிபந்தனையாகக் கொடுத்து, நிறுத்துமிடத்துக்குக் கோடு கிழிக்குமுன் எந்தெந்தத் தெரு தேறுகிறது என்று பார்க்கலாம்.