பேரவையிலிருந்து வெளியேற்றமும் இடைநீக்கமும்: தமிழகம் கண்ட வழக்குகள்

சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ ஒழுங்கு தவறும் உறுப்பினரைத் தண்டிக்கும் அதிகாரம் அந்த அவைக்கே உண்டு. புகார் சொல்வதும் அவை, விசாரிப்பதும் அவை, தண்டனை கொடுப்பதும் அவை. பெரும்பான்மை யாரிடம் இருக்கிறதோ அவர்கள் பக்கமே அந்தத் தீர்ப்பு சாயும் என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் இந்த அதிகாரத்தின் வரலாறு, அதற்கு யார் எப்போது எல்லை கட்டினார்கள் என்பதன் வரலாறாகவும் இருக்கிறது.

செய்தித்தாள்களில் மாறி மாறி வரும் சில சொற்களை மாணவர்கள் முதலில் பிரித்து அறிந்துகொள்ள வேண்டும். அமளி செய்யும் உறுப்பினரை அன்றைய கூட்டத்திலிருந்து வெளியே போகச் சொல்வது வெளியேற்றம். போக மறுத்தால் அவைக்காவலர்கள் தூக்கிக்கொண்டு போவார்கள். சில நாட்களுக்கோ கூட்டத்தொடர் முடியும்வரையோ அவைக்கு வரக்கூடாது என்று தீர்மானம் போடுவது இடைநீக்கம். 'சஸ்பெண்ட்' என்று வழக்கில் சொல்வது இதைத்தான். உறுப்பினர் பதவியையே பறிப்பது நீக்கம். கட்சித்தாவல் தடைச் சட்டத்தின்படி பதவி போவது தகுதிநீக்கம். இது ஒழுங்கு நடவடிக்கை அல்ல, ஆனாலும் இதை முதலில் முடிவு செய்பவரும் பேரவைத் தலைவர்தான். நான்கிலும் தொகுதிக்கு நேர்வது ஒன்றுபோல் இருப்பதில்லை.

வகுப்பில் சத்தம் போடும் பையனை வெளியே நிறுத்தினால் பாடம் அவனுக்கு மட்டும்தான் போகும். சட்டமன்ற உறுப்பினரை வெளியே நிறுத்தினால் லட்சக்கணக்கான வாக்காளர்களின் கேள்வியும் வாக்கும் அவரோடு சேர்ந்து வெளியே போய்விடுகின்றன.

இந்தப் பழக்கம் நமக்கு இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கே 1769-இல் ஜான் வில்க்ஸ் என்ற உறுப்பினரை மக்களவை நீக்கியது. மிடில்செக்ஸ் தொகுதி வாக்காளர்கள் அவரையே மறுபடியும் தேர்ந்தெடுத்தார்கள். அவை ஒவ்வொரு முறையும் அதைச் செல்லாது என்றது. கடைசியில் அவரைவிடக் குறைந்த வாக்குப் பெற்றவரை வென்றவராக அறிவித்தது. அந்த முடிவை அவைக்குறிப்பிலிருந்து நீக்க 1782 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு 1881 பிப்ரவரியில் ஒரே நாளில் அயர்லாந்து உறுப்பினர்கள் 36 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். நம் அரசியலமைப்பின் 105, 194 ஆகிய பிரிவுகள் இந்த அவையின் உரிமைகளையே நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றங்களுக்கும் கொடுத்தன. தனிச் சட்டம் இயற்றி வரையறுக்கும்வரை அப்படியே இருக்கட்டும் என்று எழுதினார்கள். அந்த வரையறைச் சட்டம் இன்றுவரை வரவில்லை.

தமிழ்நாட்டில் இந்த அதிகாரம் அதன் உச்ச அளவில் பயன்பட்டது 1986-இல். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது அரசியலமைப்பின் ஆட்சிமொழிப் பகுதியை எரித்ததற்காகத் தி.மு.க. உறுப்பினர்கள் 10 பேரின் பதவி பறிக்கப்பட்டது. அப்போது எம்.ஜி.ஆர். முதலமைச்சர், பேரவைத் தலைவர் பி.எச். பாண்டியன். பதவி இழந்தவர்களில் க. அன்பழகனும் ஒருவர். எரித்தது அவைக்கு உள்ளே அல்ல, வெளியே தெருவில். அரசியலமைப்பின்மீது உறுதிமொழி எடுத்தவர் அதையே எரித்துவிட்டு உறுப்பினராகத் தொடரலாமா என்பது ஆளுங்கட்சியின் கேள்வி. அவைக்கு வெளியே நடந்த போராட்டத்துக்கு அவை தண்டனை தரலாமா என்பது எதிர்க்கட்சியின் கேள்வி. சென்னை உயர்நீதிமன்றம் பேரவையின் பக்கமே நின்றது. 1989 தேர்தலில் தி.மு.க. ஆட்சிக்கு வந்தது, அன்பழகன் கல்வி அமைச்சர் ஆனார்.

அடுத்தடுத்த ஆட்சிகளில் பாத்திரங்கள்தாம் மாறின. 2006 மே மாதம், தி.மு.க. ஆட்சியில், ஆவுடையப்பன் பேரவைத் தலைவராக இருந்தபோது அ.தி.மு.க. உறுப்பினர்கள் கூண்டோடு இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். சம்பவ நாளில் அவைக்கு வராததால் ஜெயலலிதா ஒருவர் மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. மறுநாள் அவர் தனியாளாக வந்து எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்து பேசினார். 2011-இல் ஆட்சி மாறியது. 2012 பிப்ரவரியில் எதிர்க்கட்சித் தலைவர் விஜயகாந்த் 10 நாள் இடைநீக்கம் செய்யப்பட்டார். முந்தைய ஆண்டு அ.தி.மு.க. கூட்டணியில் நின்று 29 இடங்களை வென்ற கட்சியின் தலைவர் அவர்.

சட்ட மாணவர்கள் இன்று படிக்கும் வழக்கு அதே கட்சியிலிருந்து வந்தது. 2015 பிப்ரவரி 19 அன்று பேரவையில் அமளி, தே.மு.தி.க. உறுப்பினர்களை அவைக்காவலர்கள் வெளியேற்றினார்கள். விஷயம் உரிமைக்குழுவுக்குப் போனது. குழு அன்றைய ஒளிப்பதிவைப் பார்த்து ஆறு பேர் குற்றம் செய்ததாக அறிக்கை தந்தது. மார்ச் 31 அன்று பேரவை தீர்மானம் நிறைவேற்றியது: அடுத்த கூட்டத்தொடரில் ஆறு பேரும் 10 நாள் வரக்கூடாது; அந்தக் காலத்துக்குச் சம்பளமும் மற்றச் சலுகைகளும் கிடையா.

அழகாபுரம் ஆர். மோகன்ராஜ் முதலியோர் நேரே உச்சநீதிமன்றம் போனார்கள். அங்கே அவர்கள் வைத்த வாதங்களில் பெரியவை இரண்டு தோற்றன. அவையில் பேசும் உரிமை எல்லாக் குடிமக்களுக்கும் உள்ள பேச்சுரிமைதான், அதைப் பறித்துவிட்டார்கள் என்றார்கள். அவையில் பேசும் உரிமை 194-ஆம் பிரிவிலிருந்து வருவது, அது வேறு என்றது நீதிமன்றம். சம்பளத்தை நிறுத்தியது பிழைப்பைக் கெடுத்தது என்ற வாதத்தையும் ஏற்கவில்லை. வென்றது மிக எளிய வாதம். எந்த ஒளிப்பதிவைப் பார்த்துக் குழு முடிவுக்கு வந்ததோ அந்தப் பதிவு குற்றம் சாட்டப்பட்டவர்களுக்குத் தரப்படவில்லை. அதில் தெரிவது யார், என்ன செய்கிறார், ஏன் செய்கிறார் என்று விளக்க அவர்களுக்கு வாய்ப்பே இல்லை. இது இயற்கை நீதிக்கு விரோதம் என்று 2016 பிப்ரவரி 12 அன்று நீதிபதி செலமேஸ்வர் தலைமையிலான அமர்வு தீர்மானத்தை ரத்து செய்தது. சலுகைகள் திரும்பக் கிடைத்தன.

பேரவை நடவடிக்கையில் நீதிமன்றம் எப்படித் தலையிடலாம் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. 212-ஆம் பிரிவு, நடைமுறைக் குறைபாட்டைக் காரணம் காட்டிப் பேரவை நடவடிக்கையைக் கேள்வி கேட்கக்கூடாது என்றுதான் சொல்கிறது. சட்டத்துக்கே புறம்பான நடவடிக்கையை அது காப்பாற்றாது. கேள்வி கேட்கப் பணம் வாங்கிய விவகாரத்தில் 2005 டிசம்பரில் நாடாளுமன்றம் 11 உறுப்பினர்களை நீக்கியபோது இந்தக் கேள்வி விரிவாக அலசப்பட்டது. நீக்கும் அதிகாரம் அவைக்கு உண்டு, அதை ஆராயும் அதிகாரம் நீதிமன்றத்துக்கும் உண்டு என்று 2007-இல் உச்சநீதிமன்றம் சொன்னது. மோகன்ராஜ் வழக்கு அந்த வாசலில் நுழைந்ததுதான். ஆனால் தீர்ப்பு வந்தபோது அடுத்த பொதுத்தேர்தலுக்கு மூன்று மாதமே இருந்தது. இழந்த கூட்ட நாட்களை எந்த நீதிமன்றமும் திருப்பித் தர முடியாது.

அந்தத் தேர்தலுக்குப் பிறகு நடந்தது தாம்பரம் பக்கத்து மக்களுக்கு நெருக்கமானது. 2016-இல் ஆலந்தூர், பல்லாவரம், தாம்பரம், வேளச்சேரி, சோழிங்கநல்லூர், செங்கல்பட்டு ஆகிய ஆறு தொகுதிகளிலும் தி.மு.க.வே வென்றது. 2017 பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமி அரசின்மீது நம்பிக்கை வாக்கெடுப்பு. ரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்று தி.மு.க. கேட்டது, பேரவைத் தலைவர் தனபால் மறுத்தார். மேசைகள் கவிழ்ந்தன, காகிதங்கள் பறந்தன. பேரவைத் தலைவரின் இருக்கையிலேயே உறுப்பினர் போய் உட்கார்ந்தார். அது எந்தக் கட்சிக்கும் பெருமை தரும் காட்சி அல்ல. தி.மு.க. உறுப்பினர்கள் அனைவரையும் வெளியேற்ற உத்தரவானது, மு.க. ஸ்டாலின் கிழிந்த சட்டையோடு வெளியே வந்த படம் பலருக்கும் நினைவிருக்கும். பிறகு வாக்கெடுப்பு நடந்தது: ஆதரவு 122, எதிர்ப்பு 11. பரங்கிமலையிலிருந்து செங்கல்பட்டு வரை ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் உள்ள வாக்காளர்களின் வாக்கு இந்த இரண்டு எண்களில் எதிலும் இல்லை. ஒரு நாள் வெளியேற்றம்தான், விதிகளில் மிகச் சிறிய தண்டனை. ஆனால் எந்த நாள் என்பதும் கணக்கில் உண்டு.

அதே ஆண்டு செப்டம்பர் 18 அன்று டி.டி.வி. தினகரனை ஆதரித்த 18 உறுப்பினர்களைப் பேரவைத் தலைவர் தகுதிநீக்கம் செய்தார். அவர்களில் திருப்போரூர் உறுப்பினரும் பூந்தமல்லி உறுப்பினரும் உண்டு. உயர்நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் இருவேறு தீர்ப்புத் தர, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் தகுதிநீக்கம் செல்லும் என்றார். இடைத்தேர்தல் நடந்தது 2019 ஏப்ரல் 18 அன்று. பழைய மாமல்லபுரம் சாலையின் கணினி நிறுவனங்கள் பெருகிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், அதன் தென்பகுதியான திருப்போரூர் தொகுதிக்கு ஏறக்குறைய 20 மாதம் சட்டமன்ற உறுப்பினரே இல்லை. கட்சித்தாவல் தடைச் சட்டம் தேவையானதுதான் என்பது என் கருத்து. ஆனால் தீர்ப்பு வரும்வரை தொகுதி காத்துக் கிடக்க வேண்டும் என்பது அதில் எழுதப்படாத விதியாகிவிட்டது.

இதே சமயத்தில் குட்கா விவகாரமும் ஓடிக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட குட்கா தாராளமாகக் கிடைக்கிறது என்று காட்ட, 2017 ஜூலை 19 அன்று தி.மு.க. உறுப்பினர்கள் பொட்டலங்களை அவைக்குள் எடுத்து வந்தார்கள். ஒரு மாதத்துக்கும் மேல் கழித்து, ஸ்டாலின் உட்பட 21 பேருக்கு உரிமைக்குழு நோட்டீஸ் அனுப்பியது. ஆளுங்கட்சியின் பெரும்பான்மையே ஊசலாடிய நேரம் அது. 21 பேர் இடைநீக்கம் ஆனால் கூட்டல் கழித்தல் எப்படி மாறும் என்று எல்லாரும் கணக்குப் போட்டார்கள். உயர்நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் நோட்டீஸை ரத்து செய்தது. குழு மறுபடியும் அனுப்பியது. 2021 பிப்ரவரியில் அதுவும் ரத்தானது. 2024 ஜூலையில் இரு நீதிபதிகள் அமர்வு அந்த ரத்தையே விலக்கியது. அதற்குள் நோட்டீஸ் வாங்கியவர் முதலமைச்சர் ஆகி மூன்று ஆண்டு முடிந்திருந்தது.

எண்ணிக்கையை மாற்றும் கருவியாக இடைநீக்கம் பயன்படலாம் என்ற அச்சத்துக்கு நேரடியான பதில் மகாராஷ்டிர வழக்கில் வந்தது. 2021 ஜூலை 5 அன்று அந்த மாநிலச் சட்டமன்றம் பா.ஜ.க. உறுப்பினர்கள் 12 பேரை ஓராண்டுக்கு இடைநீக்கம் செய்தது. 2022 ஜனவரி 28 அன்று உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதன் தர்க்கம் கவனிக்கத்தக்கது. உறுப்பினரை நீக்கினால் இடம் காலியாகும், ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும். ஓராண்டு இடைநீக்கம் செய்தால் இடம் காலியாகாது, தேர்தலும் வராது, தொகுதிக்குப் பிரதிநிதியும் இருக்கமாட்டார். ஆக, அது நீக்கத்தைவிடக் கொடியது. இடைநீக்கம் என்பது அவையை ஒழுங்காக நடத்துவதற்கான ஏற்பாடு. ஆகவே நடக்கும் கூட்டத்தொடரைத் தாண்டி அது நீளக்கூடாது.

கூட்டத்தொடருக்குள் நின்றாலும் இழப்பு சிறிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. 2023 டிசம்பர் 13 அன்று நாடாளுமன்றத்தில் பாதுகாப்பு மீறல் நடந்தது. உள்துறை அமைச்சர் விளக்கம் தர வேண்டும் என்று பதாகை ஏந்திய எதிர்க்கட்சியினர் அடுத்தடுத்த நாட்களில் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். இரு அவைகளிலும் சேர்த்து 146 பேர். டிசம்பர் 18 அன்று மக்களவையில் இடைநீக்கம் ஆனவர்களில் ஸ்ரீபெரும்புதூர் உறுப்பினர் டி.ஆர். பாலு, தென்சென்னை உறுப்பினர் தமிழச்சி தங்கபாண்டியன், காஞ்சிபுரம் உறுப்பினர் ஜி. செல்வம் மூவரும் இருந்தார்கள். தாம்பரம், பல்லாவரம், ஆலந்தூர் ஆகியவை ஸ்ரீபெரும்புதூரில் அடக்கம்; வேளச்சேரியும் சோழிங்கநல்லூரும் தென்சென்னையில்; செங்கல்பட்டும் திருப்போரூரும் காஞ்சிபுரத்தில். இரண்டு நாள் கழித்து, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்கு மாற்றான பாரதிய நியாய சன்ஹிதா உள்ளிட்ட மூன்று குற்றவியல் மசோதாக்கள் மக்களவையில் நிறைவேறின. தென்சென்னைப் புறநகர்களுக்காகப் பேச அன்று அங்கே ஒருவரும் இல்லை.

அந்த வாரத்துச் சம்பவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். டிசம்பர் 14 பட்டியலில் சேலம் உறுப்பினர் எஸ்.ஆர். பார்த்திபன் பெயர் இருந்தது. அன்று அவர் மக்களவைக்கே வரவில்லை! ஆள் அடையாளம் தவறிவிட்டது என்று பிறகு அவர் பெயரை நீக்கினார்கள். மோகன்ராஜ் வழக்கின் காலத்தில் மேட்டூரின் தே.மு.தி.க. சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர் அவர். ஒளிப்பதிவைக் காட்டிவிட்டுத் தண்டியுங்கள் என்று உச்சநீதிமன்றம் சொன்னதன் பயன் இப்படிப்பட்ட இடத்தில்தான் தெரிகிறது.

இங்கிலாந்து இதற்கு வேறு வழி கண்டது. 2015-இல் வந்த சட்டப்படி, உறுப்பினர் ஒருவரை 10 அமர்வு நாட்களோ அதற்கு மேலோ இடைநீக்கம் செய்தால் தொகுதியில் மனு ஒன்று வைக்கப்படும். வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கினர் அதில் கையெழுத்திட்டால் பதவி போகும், இடைத்தேர்தல் வரும். 2018-இல் வடக்கு அயர்லாந்தைச் சேர்ந்த இயன் பெய்ஸ்லி 30 அமர்வு நாட்கள் இடைநீக்கம் செய்யப்பட்டபோது இந்தச் சட்டப்படி முதல் மனு வைக்கப்பட்டது. கையெழுத்திட்டவர்கள் 9.4 சதவீதம், அவர் பதவி தப்பியது. இந்தியாவில் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களுக்கு இப்படி ஒரு சட்டம் இல்லை.