அனுமதி இருந்த இடத்தில் மறுப்பு: ஜார்ஜ்டவுன் சாட்சியம் மறுவாசிப்பில்

அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களில் மாணவியர் பாலியல் நலச் சேவைகளைப் பெறுவது குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே கணக்கைப் போடுகின்றன. திருச்சபை எதைத் தடுக்கிறது, நிர்வாகம் அந்தத் தடையை எவ்வளவு கறாராக நடத்துகிறது என்று அளந்து நிறுவனங்களை வரிசைப்படுத்துகின்றன. தடை கூடினால் சேவை குறையும், தடை தளர்ந்தால் சேவை பெருகும் என்பது அவற்றின் அடிப்படை. இந்தக் கணக்கு தவறான இடத்தில் அளக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். பொதுவில் பதிவாகியுள்ள பாதிப்புகளில் மிகக் கடுமையான ஒன்று, தடையே இல்லாத இடத்தில் நிகழ்ந்தது. போதனையும் அனுமதித்து, காப்பீட்டுத் திட்டமும் அனுமதித்த மருந்து அங்கே ஒரு மாணவிக்குக் கிடைக்காமல் போயிற்று.

ஆதாரம் புதியதல்ல. ஜார்ஜ்டவுன் சட்டக் கல்லூரி மாணவி சாண்ட்ரா ஃப்ளூக் 2012 பிப்ரவரி 23 அன்று, கருத்தடைக்கான காப்பீடு குறித்து, அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையின் ஜனநாயகக் கட்சிக் குழுவின் முன் அளித்த சாட்சியம்தான் அது. அதற்கு ஒரு வாரம் முன்பு நடந்த அதிகாரபூர்வ விசாரணையில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டிருந்தது. பின்னர் ஒரு வானொலி வர்ணனையாளர் அவரை இழிவாகப் பேசியதும், அதையொட்டி எழுந்த கூச்சலும் அந்த ஆண்டின் தேர்தல் அரசியலில் கரைந்துபோயின. அந்த இரைச்சலின் விளைவாகவே சாட்சியம் சரியாக வாசிக்கப்படவில்லை என்று கருதுகிறேன். சட்டப் படிப்பு முடிவதற்குள் கருத்தடைக்கு 3,000 டாலருக்கு மேல் செலவாகலாம் என்று அவர் சொன்ன ஒற்றை வரியை எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். ஆதரித்தவர்கள் அதைச் செலவுச் சுமைக்குச் சான்றாக்கினார்கள். எதிர்த்தவர்கள் மாத்திரை மலிவாகக் கிடைக்கிறது என்று மறுத்தார்கள். ஆய்வாளர்களும் இந்த இரு கரைகளைத் தாண்டவில்லை. சாட்சியத்தின் நடுப்பகுதி, அதாவது மூன்று மாணவியரின் நிலையைச் சொல்லும் பகுதி, உருக்கமான எடுத்துக்காட்டாக மட்டுமே எடுத்தாளப்படுகிறது. வாதத்தின் எலும்புக்கூடு அங்கேதான் இருக்கிறது.

முதலாமவர் ஃப்ளூக்கின் தோழி. அவருக்குச் சினைப்பை நீர்க்கட்டி நோய். கட்டிகள் வளராமல் இருக்க ஹார்மோன் மாத்திரை வேண்டும். கர்ப்பத்தைத் தடுப்பது நோக்கம் அல்லாததால் ஜார்ஜ்டவுனின் அன்றைய காப்பீட்டு விதிப்படி அந்த மருந்துக்கு இடமிருந்தது. ஆனாலும் அவர் கேட்டுப் போன ஒவ்வொரு முறையும் மறுத்தார்கள்: உண்மையில் கருத்தடைக்காகத்தான் கேட்கிறார் என்ற ஊகம்தான் காரணம். அவர் தன்பாலீர்ப்புடையவர், தற்செயலான கர்ப்பம் அவருடைய கவலையே அல்ல. மாதம் 100 டாலருக்கு மேல் கைப்பணம் போட்டு வாங்கிப் பார்த்தார், முடியவில்லை, நிறுத்தினார். தேர்வுக் காலத்தில் ஓர் இரவு அவசரச் சிகிச்சைக்குப் போனபோது டென்னிஸ் பந்தளவு கட்டி வளர்ந்திருந்தது. சினைப்பையையே அகற்ற வேண்டியதாயிற்று.

இதில் திருச்சபை எதைத் தடுத்தது? எதையும் இல்லை. திருத்தந்தை ஆறாம் பவுல் 1968இல் வெளியிட்ட 'ஹுமானே வீத்தே' சுற்றுமடலின் 15ஆம் பத்தி, நோயைக் குணப்படுத்தத் தேவைப்படும் சிகிச்சையை, அதனால் கருவுறுதல் தடைபடும் என்று முன்னரே தெரிந்திருந்தாலும், நேரடியாக அந்தத் தடையை நாடாதவரை அனுமதிக்கிறது. முந்தைய பத்தியின் கடுமையான தடையை மட்டும் மேற்கோள் காட்டிவிட்டு அடுத்த பத்தியைக் கடந்துபோகும் பழக்கம் இத்துறையில் இருக்கிறது. ஆனால் 15ஆம் பத்திதான் மருத்துவ மேசையில் வேலை செய்கிறது. அந்தப் பத்தியின்படி பார்த்தால் ஒரே மாத்திரை ஒருத்திக்கு ஏற்புடையது, இன்னொருத்திக்கு விலக்கானது. இருவரையும் பிரிப்பது மருந்தல்ல, நெஞ்சில் உள்ள நோக்கம்.

நோக்கத்தை யார் ஆராய்வது என்ற கேள்வி அங்கே பிறக்கிறது. கத்தோலிக்க மரபில் அதற்கு இடமுண்டு: தன் மனச்சான்று, அதற்கப்பால் ஒப்புரவு அருட்சாதனம். அங்கே கேட்கும் குருவுக்கு இரகசியக் காப்புக் கடமை உண்டு. சொல்பவள் தானாக வந்தவள். காப்பீட்டு அலுவலர் மேசைக்கு இந்த இரண்டும் இல்லை. மனத்துக்குள் நடக்கும் தெளிவை நம்பி எழுதப்பட்ட ஓர் ஏற்பாடு, கோப்பில் சான்று கேட்கும் ஏற்பாடாக மாறிவிட்டது. 65 விழுக்காட்டு நேர்வுகளில், எதற்காக மருந்து, அறிகுறிகள் பொய்யா என்று காப்பீட்டாரும் பல்கலைக்கழக மருத்துவ ஊழியரும் மாணவியரை விசாரித்ததாக ஃப்ளூக் சொன்னதை இந்த வெளிச்சத்தில் வாசிக்க வேண்டும். விசாரணை என்பது போதனையின் மீறலும் அல்ல, போதனையும் அல்ல. போதனை ஒரு நிறுவனத்தின் கையில் மாறிப்போன வடிவம்.

இரண்டாமவரின் நிலை இதைத் தெளிவாக்குகிறது. அவருக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதினார்கள். அறுவைச் சிகிச்சை இன்றி அதை உறுதிசெய்ய முடியாது என்பதால் காப்பீடு மருந்துக்குப் பணம் தர மறுத்தது. விதிவிலக்குக்குள் வர நோய் இருந்தால் போதாது, நோயை நிறுவ வேண்டும். நிறுவுவதற்கு உடலைத் திறக்க வேண்டும். 

மூன்றாமவர் விசாரணை மேசைக்கே வரவில்லை. கருத்தடை காப்பீட்டில் இல்லை என்பது தெரியும். எனவே பெண்களின் பாலியல் நலம் முழுவதுமே இப்படித்தான் என்று முடிவுகட்டியிருந்தார். பாலியல் வன்முறைக்கு ஆளானபோது பரிசோதனைக்கும் போகவில்லை, தொற்று நோய்ச் சோதனைக்கும் போகவில்லை. சேவைகளின் பட்டியலை மட்டும் ஒப்பிடும் ஆய்வில் இந்தப் பெண்ணுக்கு இடமே இல்லை. பட்டியல் மறுக்காத ஒன்றை அவரே தனக்கு மறுத்துக்கொண்டார்.

இங்கே வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. காப்பீட்டு நிறுவனங்கள் எல்லா ஊரிலும் எல்லாரையும் இழுத்தடிக்கின்றன; இதில் மதத்துக்கு என்ன பங்கு? இதை எளிதாகத் தள்ள முடியாது. ஜார்ஜ்டவுனில் ஏற்பட்ட தாமதத்தில் ஒரு பங்கு சாதாரண வணிகச் சுணக்கமாகவே இருக்கலாம். ஆனால் மறுப்புக்குச் சொல்லப்பட்ட காரணத்தைக் கவனியுங்கள்: இவள் கருத்தடைக்காகக் கேட்கிறாள் என்ற ஐயம். கருத்தடைக்கும் பணம் தரும் திட்டத்தில் அந்த ஐயத்துக்கு வேலையே இல்லை. எதற்காக என்று கேட்பதால் யாருக்கும் காசு மிஞ்சாது. மத விலக்குதான் அந்தக் கேள்விக்கு ஒரு விலை வைத்தது. வணிகம் அதைப் பயன்படுத்திக்கொண்டது.

சாட்சியத்தின் எண்கள் மாணவர்களே திரட்டியவை. பதில் சொல்ல முன்வந்தவர்களின் சாய்வு அவற்றில் இருக்கும். எனவே 65 என்ற எண்ணை நான் அளவாகக் கொள்ளவில்லை. விசாரணை நடந்தது என்பதற்குச் சான்றாக மட்டும் கொள்கிறேன். கத்தோலிக்கக் கல்லூரி என்று தெரிந்துதானே சேர்ந்தார்கள் என்ற வாதம் இங்கே பொருந்தாது. தெரிந்து சேர்ந்தவருக்கும் விதி வாக்களித்த மருந்து கிடைக்கவில்லை. பல்கலைக்கழகத்தின் கத்தோலிக்க அடையாளத்தை முன்வைப்பவர்கள் இரண்டாம் யோவான் பவுல் 1990இல் வெளியிட்ட 'எக்ஸ் கோர்தே எக்லேசியே' ஆவணத்தைத் துணைக்கழைப்பது வழக்கம். போதனை எல்லாப் பணிகளிலும் ஊடாட வேண்டும் என்று சொல்லும் அதே விதி, ஒவ்வொருவரின் மனச்சான்றுச் சுதந்திரத்தையும் முழுமையாக மதிக்கச் சொல்கிறது. இந்தப் பாதியை விட்டுவிட்டு அந்தப் பாதியை எடுப்பது நேர்மையான வாசிப்பல்ல.

வெளிப்படையான தடையோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். பாஸ்டன் கல்லூரியும் ஜார்ஜ்டவுனைப் போலவே இயேசு சபையைச் சார்ந்தது. விடுதி அறைகளிலிருந்து ஆணுறை வழங்கிய மாணவர்களை ஒழுங்கு நடவடிக்கை வரும் என்று 2013 மார்ச்சில் நிர்வாகம் எச்சரித்தது. அங்கே யார் மறுக்கிறார்கள், எதை மறுக்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே எதிர்த்துப் பேசவும் வேறு வழி தேடவும் முடிந்தது. நியூயார்க்கில் ஃபோர்டம் பல்கலைக்கழகச் சட்ட மாணவர்கள் 2011இல் வளாகத்துக்கு வெளியே கருத்தடைக்கான ஒரு மாலை நேர மருத்துவ முகாமையே நடத்தினார்கள். தடை மாற்றுவழியைப் பிறப்பிக்கிறது. விதிவிலக்கோ காத்திருப்பைப் பிறப்பிக்கிறது: அடுத்த முறை சான்று ஏற்கப்படும் என்று நம்பிக் காத்திருப்பவர் வேறு வழி தேடுவதில்லை, கட்டி வளர்ந்துகொண்டிருக்கிறது.

நோட்ரடாம் பல்கலைக்கழகம் 2018 பிப்ரவரியில் எடுத்த முடிவு இந்த வாசிப்புக்கு நல்ல சோதனை. எளிய கருத்தடை மருந்துகளுக்குத் தன் திட்டத்திலேயே பணம் தருவதாகவும், கருச்சிதைவை உண்டாக்குபவை என்று தான் கருதும் மருந்துகளுக்கு இல்லை என்றும் அது அறிவித்தது. எந்த மருந்து எந்த வகை என்பதில் மருத்துவர்களோடு சச்சரவு உண்டு. அந்த முடிவை எதிர்த்து மாணவியர் வழக்கும் தொடுத்தார்கள். ஆனால் கோடு வேறிடத்துக்கு நகர்ந்துவிட்டது. ஜார்ஜ்டவுனில் கோடு நோக்கத்தின் மேல் விழுந்தது; நோட்ரடாமில் மருந்தின் மேல். முதல் வகை மருந்துக்கு வருபவளிடம் எதற்காக என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. தடைகளை எண்ணும் ஆய்வுகளில் இவ்விரண்டும் 'பகுதித் தடை' என்ற ஒரே கட்டத்தில் அடைபடுகின்றன. அந்தக் கட்டத்தை உடைத்து, ஒரு மாணவி மருந்து பெறும் முன் எத்தனை பேரிடம், எத்தனை முறை, தன் நோக்கத்தை நிறுவ வேண்டியிருக்கிறது என்று எண்ணத் தொடங்கினால் இதுவரையிலான வரிசை நிலைக்காது. மிதமானவை என்று பெயரெடுத்த சில நிறுவனங்கள் புதிய வரிசையின் அடியில் வந்து நிற்கும்.