அடியும் கன அடியும்

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் நடுவே உள்ள தீவு ஸ்ரீரங்கம். அத்தீவின் மேற்கு முனையில், காவிரி இரண்டாகப் பிரியும் இடத்தில் முக்கொம்பு இருக்கிறது. திருச்சிக்காரர்கள் அங்கே கட்டுச்சோற்றுடன் போய் வருவது வழக்கம். மதகுகளின் ஓரச் சுவரில் கோடு கிழித்து, அடிக்கணக்கு எழுதியிருப்பதை நீங்கள் எங்கேனும் பார்த்திருக்கலாம். நீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று காட்டும் அளவுகோல் அது. முக்கொம்பில் இருந்த அப்படிப்பட்ட ஓர் அளவுகோலை நம்பி இரண்டு அரசுகள் ஒப்பந்தமே செய்துகொண்டன.

அந்தக் கதைக்கு ஒரு முன்கதை உண்டு. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது, சரிவும் மிகுந்தது. ஆகவே நீர் அதன் வழியே ஓடிவிட, தஞ்சை வயல்களுக்குப் போக வேண்டிய காவிரி மணல் மேடிட்டு வந்தது. 1836-ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டத் தொடங்கினார். அதன்பின் காவிரிப் பக்கம் நீர் மிகுதியாகப் பாயவே, அங்கும் ஓர் அணை தேவைப்பட்டது.

1924 பிப்ரவரி 18 அன்று சென்னை அரசும் மைசூர் அரசும் காவிரி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. கண்ணம்பாடியில் நீரைத் தேக்குவதற்கு முன், மேலணையில் குறைந்த அளவு நீராவது ஓட வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. காவிரி அணையின் வடகரை அளவுகோல் ஜூன் மாதத்தில் ஆறரை அடியும், ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் ஏழரை அடியும் காட்ட வேண்டும் என்று அவ்விதி கூறியது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். விதி சொல்வது அடி. ஆனால் வயலுக்கு வேண்டியது கன அடி. உயரம் இரு மடங்கானால் ஓடும் நீரும் இரு மடங்காகுமா? ஆகாது.

உங்கள் ஊர் ஏரியின் கலிங்கை நினைத்துக்கொள்ளுங்கள். கலிங்கின் மேல் ஓர் அடி உயரத்துக்கு நீர் வழிகிறது. அது இரண்டு அடியாக உயர்ந்தால், நீர் போகும் வாயின் பரப்பு இரு மடங்காகிறது. அதோடு நீரின் வேகமும் கூடுகிறது. வேகம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. எனவே அது 1.41 மடங்காகிறது. இரண்டையும் பெருக்கினால் 2.83 மடங்கு! இத்தாலிய அறிஞர் பொலேனி 1717-இலேயே இக்கணக்கிற்கு வழி காட்டினார்.

ஓர் அடி உயரத்தில் விநாடிக்கு 1,000 கன அடி வழிவதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2 அடியில் 2,828 கன அடி, 3 அடியில் 5,196 கன அடி, 4 அடியில் 8,000 கன அடி வழியும். கடைசி அடி உயரும்போது கூடும் நீர், முதல் அடிக்கு உரிய நீரைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு.

இப்போது கணிப்பொறியின் விரிதாளில் ஒரு வரைபடம் போடுவோம். கீழே நாட்கள், இடப்பக்க அச்சில் 0 முதல் 4 அடி வரை உயரம். வலப்பக்கம் இரண்டாம் அச்சு ஒன்று அமைத்து, 0 முதல் 8,000 கன அடி வரை குறிக்கிறோம். படம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் விரிதாள் இரண்டு அச்சுகளையும் சம இடைவெளியில் பிரித்துவிடுகிறது. 2 அடிக்கு நேர் எதிரே 4,000 என்று நிற்கும்! உண்மையில் ஓடுவது 2,828 தான். மீதி 1,172 கன அடி காகிதத்தில் மட்டும் ஓடும் நீர். ஒரு நாளைக்கு 86,400 விநாடிகள். ஆகவே ஒரே நாளில் பத்துக் கோடி கன அடி நீர் பொய்க்கணக்காகிறது. பத்து நாளில் அது ஒரு டி.எம்.சி., அதாவது நூறு கோடி கன அடி! அந்தப் படத்தை நம்பி நாற்று விட்ட உழவரின் நிலை என்ன?

திருத்தும் வழி எளிதுதான். நீரளவை முழு எண்களாக எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு உரிய உயரத்தைக் கணக்கிடுங்கள். 2,000 கன அடிக்கு 1.59 அடி, 4,000-க்கு 2.52, 6,000-க்கு 3.30, 8,000-க்கு 4 அடி என்று வரும். இவ்வுயரங்களைத் தனி வரிசையாகப் படத்தின் வலது ஓரத்தில் புள்ளிகளாக இடுங்கள். புள்ளிகளை மறைத்துவிட்டு, 2,000, 4,000 என்ற எண்களை மட்டும் அவற்றின் அருகே எழுதச் செய்யுங்கள். கீழே அகன்றும் மேலே நெருங்கியும் நிற்கும் அந்த எண்களே சரியான இரண்டாம் அச்சு.

ஆற்றில் சூத்திரம் மட்டும் போதாது. மணல் சேர்ந்தாலும் அரித்தாலும் பழைய கணக்கு மாறிவிடும். அதனால் பல உயரங்களில் நீரின் வேகத்தைக் கருவியால் அளந்து, உயரத்தையும் நீரளவையும் இணைக்கும் வளைகோடு வரைகிறார்கள். அதை அவ்வப்போது சரிபார்க்கவும் வேண்டும்.

காவிரி வழக்கில் நடுவர் மன்றம் 2007-இல் தீர்ப்பளித்தபோதும், உச்ச நீதிமன்றம் 2018-இல் அதைத் திருத்தியபோதும், கணக்கு அடியில் இல்லை, டி.எம்.சி.யில் இருந்தது. உச்ச நீதிமன்றம் தமிழகத்திற்கு ஓர் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று நிர்ணயித்தது. அதை அளக்கும் இடமும் முக்கொம்பு அல்ல. எல்லையில் உள்ள பிலிகுண்டுலு. ஆயினும் ஆற்றங்கரையில் நின்று நேராகப் படிக்க முடிவது இன்றும் நீரின் உயரத்தைத்தான். அதைக் கன அடியாக மாற்றுவது அந்த வளைகோடே. நாளிதழில் நீர்மட்டத்தையும் நீர்வரத்தையும் அருகருகே பார்க்கும்போது, சில நாட்களின் எண்களைக் குறித்து வைத்து நீங்களே ஒரு படம் வரைந்து பாருங்கள்.