நினைவின் உரிமை யாருக்கு? அல்ஃபோன்சோ குவாரோனின் ‘ரோமா’ திரைப்படமும் 1970–71 மெக்சிகோ வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

தம் குழந்தைப் பருவத்தையும் குடும்பத்தையும் படமாக்கும் இயக்குநர், பெரும்பாலும் தம்மையே கதையின் நடுவில் நிறுத்துவார். மெக்சிகோ இயக்குநர் அல்ஃபோன்சோ குவாரோன் ‘ரோமா’ (2018) திரைப்படத்தில் அவ்விடத்தைத் தம்மை வளர்த்த வீட்டுப் பணிப்பெண்ணுக்கு அளித்தார். இம்மாற்றத்தால் ஒரு குடும்பத்தின் நினைவு எவ்வாறு வரலாற்றுச் சான்றின் தன்மையைப் பெறுகிறது என்பதையும், அச்சான்றின் எல்லை எதுவென்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தன்வரலாற்றுத் திரைப்படம், நினைவு, மெக்சிகோ, வீட்டுப் பணியாளர், 1971 படுகொலை.

முன்னுரை

தன்வரலாறு என்பது ‘நான்’ என்னும் சொல்லின்மீது எழுப்பப்படும் வகைமை. எழுத்தில் அச்சொல்லை எளிதில் ஆளலாம். திரையில் அதற்கு நேரான வடிவம் இல்லை. ஆகவே தம் இளமையைப் படமாக்கிய இயக்குநர் பலர் தமக்கு நிகரான ஒரு சிறுவனைப் படைத்து, அவன் கண்வழியே குடும்பத்தைக் காட்டினர். பிரான்சுவா த்ரூஃபோவின் ‘தி 400 ப்ளோஸ்’ (1959) படத்தில் வரும் அந்துவானும், இங்மார் பெர்க்மனின் ‘ஃபேனி அண்ட் அலெக்சாண்டர்’ (1982) படத்தில் வரும் அலெக்சாண்டரும் இத்தகையோர்.

‘ரோமா’ இம்மரபிலிருந்து விலகுகிறது. மெக்சிகோ நகரில் 1961ஆம் ஆண்டு பிறந்த குவாரோன் வளர்ந்த குடியிருப்புப் பகுதியின் பெயரே படத்தின் தலைப்பு. படத்தில் வரும் நடுத்தர வர்க்கக் குடும்பத்தில் நான்கு குழந்தைகள். அவர்களுள் மூவர் சிறுவர். அம்மூவருள் இயக்குநர் யாரென்று படம் சுட்டுவதில்லை. கதை சொல்லும் பின்னணிக் குரலும் இல்லை. மையத்தில் நிற்பவர் கிளியோ என்னும் மிஸ்தெக் பழங்குடிப் பணிப்பெண். குவாரோன் ஒன்பது மாதக் குழந்தையாக இருந்தபோது அவ்வீட்டிற்கு வந்த லிபோரியா ரோட்ரிகெஸின் வாழ்வை அடியொற்றி அமைக்கப்பட்ட பாத்திரம் இது. படம் ‘லிபோ’வுக்கே காணிக்கையாக்கப்பட்டுள்ளது.

தன் கதையைப் பிறர் ஒருவரின் கதையாகச் சொல்லும்போது அது யாருடைய தன்வரலாறு? இவ்வினாவே இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளி.

சான்று திரட்டும் முறை

படத்தின் உருவாக்கத்தில் வரலாற்றாய்வுக்கு நெருக்கமான ஒரு முறைமையைக் காணலாம். சிறுவயதில் வாழ்ந்த தெருவிலேயே வெளிப்புறக் காட்சிகள் எடுக்கப்பட்டன. வீட்டின் உட்பகுதி மீளமைக்கப்பட்டு, உறவினரிடமிருந்து பெறப்பட்ட பழைய அறைகலன்கள் அதில் இடம்பெற்றன. அக்காலத்து அன்றாட வேலைகள் குறித்து லிபோவிடம் குவாரோன் நெடிது உரையாடினார்.

இவ்வுரையாடலே மிக முக்கியமானது. சிறுவன் உறங்கிய பின்னும் பள்ளிக்குச் சென்ற பின்னும் வீட்டில் நிகழ்ந்தவை அவனுடைய நினைவில் இருக்க இயலாது. பணியாளர் அறை, விடுமுறை நாளின் திரையரங்கம், கிளியோவும் உடன் பணியாற்றும் அதேலாவும் மிஸ்தெக் மொழியில் பேசிக்கொள்ளும் பேச்சு ஆகிய அனைத்தும் அவன் அறியாத உலகம். ஆதலால் படத்தின் பெரும்பகுதி இயக்குநரின் நினைவன்று. மற்றொருவரின் நினைவைக் கேட்டும் கற்பனையால் நிரப்பியும் பெற்ற மீட்டுருவாக்கம். வாய்மொழி வரலாற்றுக்கும் புனைவுக்கும் இடைப்பட்ட நிலை என இதனைக் கூறலாம்.

சட்டத்தின் பார்வையில் பணிப்பெண்

கதை நிகழும் 1970ஆம் ஆண்டிலேயே மெக்சிகோவின் புதிய கூட்டாட்சித் தொழிற்சட்டம் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டம் வீட்டுப் பணியைச் ‘சிறப்புப் பணிகள்’ என்னும் பிரிவில் வைத்தது. உணவு உண்ணவும் இரவில் உறங்கவும் போதிய ஓய்வு அளிக்கப்பட வேண்டும் என்றதே தவிர, வீட்டுப் பணிக்கெனத் திட்டவட்டமான மணிக்கணக்கை அப்பிரிவு வகுக்கவில்லை. பணியாளருக்கு அளிக்கப்படும் உணவும் உறைவிடமும் பணமாகத் தரும் ஊதியத்தில் 50 விழுக்காட்டிற்கு இணையாக மதிப்பிடப்பட்டன.

இப்பின்னணியில் படத்தின் இரு காட்சிகள் கூடுதல் பொருள் பெறுகின்றன. முதற்காட்சியில் குடும்பத்தினர் இரவில் தொலைக்காட்சி பார்க்கின்றனர். கிளியோவும் அவர்கள் அருகில் தரையில் அமர்கிறார். ஒரு சிறுவன் அவர் தோளில் கையிடுகிறான். அடுத்த நொடியே ஐயாவுக்குத் தேநீர் கொண்டுவருமாறு பணிக்கப்படுகிறார். இரண்டாவது காட்சியில் பணிப்பெண்கள் இருவரும் தம் அறையில் மெழுகுவர்த்தி ஒளியில் உடற்பயிற்சி செய்கின்றனர். மின்சாரம் வீணாவதை வீட்டுப் பாட்டி விரும்புவதில்லை. அன்பும் ஏவலும் ஒரே நொடியில் இணைந்திருக்கும் இவ்வமைப்பையே ‘போதிய ஓய்வு’ என்னும் வரையறையற்ற சட்டத்தொடர் காத்துநின்றது.

1971 ஜூன் 10

1968 அக்டோபர் 2 அன்று த்லதெலோல்கோ சதுக்கத்தில் மாணவர் போராட்டம் துப்பாக்கியால் ஒடுக்கப்பட்டது. அதன்பின் மெக்சிகோ நகரில் நிகழ்ந்த முதற்பெரும் மாணவர் பேரணி 1971 ஜூன் 10 அன்று நடைபெற்றது. மொந்தெரே நகரப் பல்கலைக்கழக மாணவருக்கு ஆதரவாக எழுந்த அப்பேரணியை ‘வல்லூறுகள்’ எனப் பொருள்படும் ‘ஆல்கோனெஸ்’ என்னும் துணைப்படையினர் கழிகளாலும் துப்பாக்கிகளாலும் தாக்கினர். காயமுற்றோர் மருத்துவமனைக்குள்ளும் துரத்தப்பட்டனர். இறந்தோர் எத்துணையர் என்பதில் இன்றளவும் ஒருமித்த கணக்கில்லை. 1968இல் உள்துறை அமைச்சராகவும் 1971இல் குடியரசுத் தலைவராகவும் இருந்த லூயிஸ் எச்செவெரியாமீது, 1971 நிகழ்வு தொடர்பாக 2004இல் இனப்படுகொலைக் குற்றச்சாட்டு முன்வைக்கப்பட்டது. நீதிபதி அதனை ஏற்க மறுத்தார். தண்டனை எதுவும் பெறாமலே அவர் 2022இல் தமது நூறாவது வயதில் காலமானார்.

படத்தில் இந்நிகழ்வு ஓர் அறைகலன் கடையின் மேல்தளச் சன்னல் வழியாகக் காட்டப்படுகிறது. நிறைமாதக் கருவுற்ற கிளியோ, பிறக்கவிருக்கும் குழந்தைக்குத் தொட்டில் வாங்கப் பாட்டி தெரேசாவுடன் அங்கு வந்துள்ளார். ஒரு மாணவரைத் துரத்திவரும் ஆயுததாரிகளுள் ஒருவன் கிளியோவை நோக்கித் துப்பாக்கியை நீட்டுகிறான். அவரைக் கைவிட்ட காதலன் ஃபெர்மினே அவன். ஏழைக் குடியிருப்பில் வளர்ந்து, தற்காப்புக் கலையால் தனக்கு வாழ்வு கிடைத்ததாகக் கருதும் இளைஞன், அரசின் அறிவிக்கப்படாத படையில் உறுப்பினனாகியிருக்கிறான். முன்னதாக அவன் பயிற்சி பெறும் வெளியில், மலைச்சரிவில் எச்செவெரியாவின் பெயரெழுத்துகள் பெரிதாகப் பொறிக்கப்பட்டிருப்பதைப் படம் போகிறபோக்கில் காட்டியிருக்கும்.

இங்குக் கருதத்தக்கது ஒன்று உண்டு. இயக்குநரின் குழந்தைப் பருவத்தைக் கூறும் படத்தில், நாட்டின் வரலாறு நேரடியாக நுழையும் இக்காட்சியில் அவ்வீட்டுக் குழந்தைகள் ஒருவரும் இல்லை.

மருத்துவமனைப் பதிவேடு

கடையிலேயே கிளியோவுக்குப் பனிக்குடம் உடைகிறது. நெரிசலில் சிக்கித் தாமதமாக மருத்துவமனையை அடைந்ததும், பதிவு செய்யும் பணியாளர் பாட்டியிடம் விவரம் கேட்கிறார். கிளியோவின் முழுப்பெயர், பிறந்த நாள் போன்றவற்றுக்குப் பாட்டியால் விடைகூற இயலவில்லை. தம் பேரக் குழந்தைகளை வளர்ப்பவரைப் பற்றி அவர் அறிந்தது அவ்வளவே. குழந்தை இறந்தே பிறக்கிறது.

‘ரோமா’ வரலாற்றாய்வாளருக்குத் தரும் முதன்மையான சான்று இப்பதிவேட்டின் வெற்றிடமே எனக் கருதலாம். ஆவணக்காப்பகங்களில் பணிப்பெண்களின் வாழ்வு ஏன் கிடைப்பதில்லை என்பதற்கு அக்காட்சி விடையளிக்கிறது. பதிவு செய்யும் வாய்ப்பு வந்தபோது, அவர்களுக்காகப் பேச வந்தவருக்கு அவர்களைத் தெரிந்திருக்கவில்லை. குடும்பம் நினைவில் கொண்டிருப்பவற்றைக் காட்டுவது தன்வரலாற்றின் இயல்பு. குடும்பம் அறியாதிருந்ததையும் சேர்த்துக் காட்டுவது இப்படத்தின் தனித்தன்மை.

மறுப்பும் மதிப்பீடும்

இவ்வாசிப்பிற்கு வலுவான மறுப்பொன்று உண்டு. கிளியோ மிகக் குறைவாகவே பேசுகிறார். அவருடைய ஊர், கடந்த காலம், எண்ணங்கள் ஆகியவற்றைப் படம் திறந்து காட்டவில்லை என ‘நியூயார்க்கர்’ திறனாய்வாளர் ரிச்சர்ட் பிராடி கண்டித்தார். இக்கண்டனத்தைப் புறந்தள்ள இயலாது. தாயின் ஊர் குறித்த செய்தி ஓரிரு உரையாடல்களோடு நின்றுவிடுகிறது. எசமானர் வீட்டின் சுவர்களுக்கு அப்பால் கிளியோ யாரென்பதைப் படத்தைக் கொண்டு நாம் முழுமையாக அறிய முடியாது.

எனினும் இவ்வெல்லையை மறைக்கப் படம் முயலவில்லை. டுக்ஸ்பன் கடற்கரையில் நீந்தத் தெரியாத கிளியோ அலைகளுக்குள் நடந்து சென்று குழந்தைகளைக் காப்பாற்றுகிறார். அனைவரும் அவரைத் தழுவிக்கொள்ள, அக்குழந்தை பிறப்பதைத் தாம் விரும்பவில்லை என்னும் உண்மையை முதன்முறையாக உடைத்துக் கூறுகிறார். அதன்பின் வீடு திரும்பியதும் துவைக்க வேண்டிய துணிகளுடன் மாடிப்படி ஏறுகிறார். அன்பு ஒப்புக்கொள்ளப்பட்டது, உறவின் அமைப்பு மாறவில்லை.

அமைப்பின் மாற்றம் வேறோர் இடத்திலிருந்து வந்தது. வீட்டுப் பணியாளரைக் கட்டாயச் சமூகப் பாதுகாப்பிலிருந்து விலக்கியமை அரசியலமைப்புக்கு முரணானது என மெக்சிகோ உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பர் 5 அன்று தீர்ப்பளித்தது. ‘ரோமா’ நெட்ஃபிளிக்ஸ் தளத்தில் வெளியானது அதற்கு ஒன்பது நாள்களுக்குப் பின்னரே. 2019இல் தொழிற்சட்டம் திருத்தப்பட்டது. 2020இல் வீட்டுப் பணியாளர் குறித்த பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கையை மெக்சிகோ ஏற்றது. படம் இவ்வுரிமைகள் மீது உலகின் கவனத்தைத் திருப்பியது உண்மை. ஆயின் அவற்றை ஈட்டியது பணியாளர்களின் நெடுநாளைய போராட்டமே. இவ்வேறுபாட்டை மறப்பின், பணிப்பெண்ணின் வரலாற்றை மீண்டும் இயக்குநரின் கையில் ஒப்படைத்தவராவோம்.

முடிவுரை

‘ரோமா’ மூன்று ஆஸ்கர் விருதுகளையும், வெனிஸ் திரைப்பட விழாவின் தங்கச் சிங்கத்தையும் வென்ற படைப்பு. ஆயினும் வரலாற்றாய்வில் அதன் மதிப்பு விருதுகளால் அமைவதன்று. தன்வரலாறு சொல்லப் புகுந்தவர், தம் நினைவு தனித்து நிற்கப் போதாது என்று கண்டு மற்றொருவரின் நினைவை நாடினார். அந்நினைவும் அவருக்கு முழுமையாகக் கைவரவில்லை. தன்வரலாற்றுத் திரைப்படங்களைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர், அவற்றில் நினைவுகூரப்படுவது யாது என்பதோடு, அந்நினைவுக்கு உழைப்பைத் தந்தவர் யார், அவர் பெயர் எப்பதிவேட்டில் உள்ளது என்னும் வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். லிபோவின் பெயர் படத்தின் காணிக்கை வரியில் இடம்பெற்றுவிட்டது. அவ்வாறு இடம்பெறாதோர் குறித்த ஆய்வு இனிமேல்தான் தொடங்க வேண்டியுள்ளது.