யாரை மன்னிப்பது?

1996ஆம் ஆண்டு, ஏப்ரல் திங்கள். தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் நகர மண்டபம். ஊதா அங்கி அணிந்த பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைமை தாங்க, உண்மை நல்லிணக்க ஆணையம் தன் முதல் விசாரணையை நடத்துகிறது. கணவரைப் பறிகொடுத்த கைம்பெண்கள் கண்ணீரோடு அமர்ந்திருக்கின்றனர். அவர்களிடையே ஓர் இளநங்கை பேசினாள். அவள் தந்தை 1985இல் கொலையுண்டவர். மன்னிக்கவே விரும்புகிறோம், ஆனால் எவரை மன்னிப்பதென்று அறியோமே என்றாள் அவள்.

கேள்வி சிறிது. ஆயினும் மன்னிப்பைப் பற்றிப் பல நூற்றாண்டுகளாக எழுதிக் குவிக்கப்பட்ட ஏடுகள் பலவும் அதன் முன் வாயடைத்து நிற்கின்றன!

எத்தனை முறை மன்னிப்பது என்று பேதுரு கேட்டதற்கு, ஏழெழுபது முறை என்று ஏசுநாதர் விடையிறுத்ததாக மத்தேயுவின் நற்செய்தி கூறுகிறது. எண்ணிக்கை வைத்து மன்னிக்காதே என்பது கருத்து. சினத்தைச் சுமந்து திரிபவன் தன் நெஞ்சையே சுட்டுக்கொள்கிறான் என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் அந்த அறிவுரையை எவர் வாய் எவர் செவிக்கு ஓதுகிறது என்பதில்தான் இருக்கிறது வரலாற்றின் விந்தை. அடிபட்டவன் தானே அதனை ஏற்றால் அது பெருந்தன்மை. அடித்தவன் எடுத்து ஓதினாலோ, அது சவுக்கின் மறுமுனை!

தென்னாப்பிரிக்காவில் சவுக்கும் மறைநூலும் ஒரே கையில் இருந்தன. 1857இல் டச்சுச் சீர்திருத்தத் திருச்சபையின் மாமன்றம் கூடிற்று. வெள்ளையரோடு ஒரே கூடத்தில் கருப்பரும் கலப்பினத்தாரும் வழிபடலாம், அதுவே மறைக்கு ஒத்தது என்று அம்மன்றம் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டுவிட்டு, சிலருடைய 'பலவீனம்' கருதித் தனித்தனியே வழிபடவும் இசைவளித்தது. பலவீனம் யாருடையது? உடன் அமர மனம் ஒவ்வாத வெள்ளையருடையது! விலக்காக நுழைந்தது வழக்காயிற்று, வழக்கு கோட்பாடாயிற்று, கோட்பாடு சட்டமாயிற்று. 1948இல் நிறவெறி ஆட்சியை அரியணை ஏற்றிய தலைமை அமைச்சர் மலான், முன்னாளில் அதே திருச்சபையின் போதகர்.

காலம் உருண்டது. 1990 நவம்பரில் ரஸ்டன்பர்க் நகரில் திருச்சபைகளின் பெருங்கூட்டம். ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தின் இறையியல் பேராசிரியர், அத்திருச்சபையின் மைந்தர், வில்லி யோங்கர் எழுந்து, நிறவெறியால் விளைந்த கேடுகளுக்குத் தாமும் தம் சபையும் தம் இனமும் குற்றவாளிகளே என்று அறிக்கையிட்டார். உடனே டூட்டு எழுந்து அந்த அறிக்கையை ஏற்றுக்கொண்டார். கருப்பர் அனைவர் சார்பிலும் மன்னிக்க இவருக்கு உரிமை ஏது என்ற கேள்வி எழுவது இயல்பே. நம் உள்ளத்திலும் அது எழுகிறது. பட்ட புண்ணுக்கு உரியவன்தானே பொறுக்கவும் உரியவன்? டூட்டுவும் அந்நாட்டில் கருப்பராய்ப் பிறந்து இழிவுகளைச் சுமந்தவர் என்பதை மறக்கவில்லை. ஆயினும், ஒருவர் ஒரு மண்டபத்தில் ஒரு நொடியில் முடித்துவிடக் கூடியதா அந்தக் கணக்கு?

ஆணையத்தை அமைத்த 1995ஆம் ஆண்டுச் சட்டம் இதில் நேர்மையாகவே நடந்துகொண்டது என்போம். அரசியல் நோக்கத்தால் கொடுமை இழைத்தவன் முழு உண்மையையும் சொன்னால் பொதுமன்னிப்புப் பெறலாம் என்றது அச்சட்டம். அவன் வருந்த வேண்டுமென்று கேட்கவில்லை. பாதிக்கப்பட்டவர் மன்னித்தே ஆகவேண்டுமென்றும் கட்டாயப்படுத்தவில்லை. சட்டத்தின் மன்னிப்பு வேறு, நெஞ்சத்தின் மன்னிப்பு வேறு என்று கோடு கிழித்தது. 21,000 பேருக்கு மேற்பட்டோர் தாம் பட்ட துயரை எடுத்துரைத்தனர். பொதுமன்னிப்புக் கோரி வந்த விண்ணப்பங்கள் 7,112, ஏற்கப்பட்டவை 849.

பறித்ததைத் திருப்பித் தரும் கடமை மட்டும் பாதியில் நின்றது. லூக்காவின் நற்செய்தியில் சக்கேயு என்றொரு வரிதண்டுவோன் வருகிறான். அவன் வெறுமனே அழுதுவிட்டுப் போகவில்லை. ஏமாற்றிப் பறித்ததை நான்கு மடங்காகத் தருவேன் என்கிறான். டூட்டுவும், என் பேனாவை எடுத்துக்கொண்டவன் பேனாவைத் தராமல் வருத்தம் மட்டும் தெரிவித்தால் என்ன பயன் என்ற பொருளில் பேசியவர்தாம். ஆணையம் செல்வர்மீது வரி விதிக்கும் யோசனையை முன்வைத்தது, ஆட்சியாளர் ஏற்கவில்லை. 2003இல், பாதிக்கப்பட்டோர் ஒவ்வொருவருக்கும் ஒரே தவணையாக 30,000 ராண்ட் என்று அறிவித்து முடித்தனர். நிலம்? வேலை? பறிபோன கல்வி?

இனி, அந்த இளநங்கையின் கேள்விக்கு வருவோம். அவள் தந்தை சிசெலோ ம்லாவுலி ஒரு தலைமையாசிரியர். அவரோடு கொல்லப்பட்ட மூவருள் மாத்யூ கோனிவேயும் ஃபோர்ட் கலாத்தாவும் ஆசிரியர்களே. நான்காமவர் ஸ்பாரோ ம்கோண்டோ இருப்புப்பாதைத் தொழிலாளி. 'கிராடக் நால்வர்' என்று நாடே அவர்களை அழைத்தது. நாமும் கரும்பலகையின் முன் நிற்பவர்களாதலால், அப்பெயர்களை வகுப்பில் சொல்லும்போது சற்றே குரல் தடுமாறுகிறது.

முதலில் நடந்த இறப்பு விசாரணை, கொன்றவர் 'அறியப்படாதோர்' என்றது. இரண்டாவது விசாரணை 1994இல் பாதுகாப்புப் படையினரைச் சுட்டியது, பெயர் சொல்லவில்லை. பிறகு ஆணையத்தின் முன் காவல்துறையினர் அறுவர் பொதுமன்னிப்புக் கேட்டு வந்தனர். எவரை மன்னிப்பது என்ற கேள்விக்கு அப்போதுதான் பெயர்கள் கிட்டின. அவர்கள் முழு உண்மையையும் உரைக்கவில்லை என்பதால் 1999இல் விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று. மன்னிப்புக் கிட்டாதவரை நீதிமன்றத்தில் நிறுத்தியிருக்க வேண்டுமன்றோ? ஒருவரும் நிறுத்தப்படவில்லை.

2025 ஜூன் திங்களில் மூன்றாவது விசாரணை தொடங்கிற்று. கொலை நிகழ்ந்து நாற்பது ஆண்டுகள். தந்தையரை இழந்த பிள்ளைகள் நரைத்த தலையோடு வந்து அமர்ந்தனர். அந்த அறுவருள் எவரும் அன்று உயிரோடு இல்லை.