மெட்டும் சொல்லும்: வடசென்னையில் பாட்டுவழி ஆங்கிலம் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பாட்டுப் பாடி ஆங்கிலம் கற்பிப்பதை அண்மைக்காலத்தில் வெளியிலிருந்து வந்த உத்தியாகவே பலரும் கருதுகிறார்கள். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் கடலோரத்தின் வரலாறு அந்தக் கருத்துக்கு ஒத்துவரவில்லை. ஆங்கிலேயர் மெட்டும் ஆங்கிலேயர் சொல்லும் இங்கே ஒரே கப்பலில் வரவில்லை. தனித்தனியாக, வேறுவேறு காலங்களில் கரையேறின. இரண்டில் எது அயலது, எது நம்முடையது என்று பிரித்துப் பார்த்தால் மூன்று சேர்க்கைகள் கிடைக்கின்றன. அயல்மெட்டும் நம் சொல்லும், நம் மெட்டும் அயல்சொல்லும், இரண்டுமே அயலவை. மூன்றும் இந்த வட்டாரத்தில் நடந்திருக்கின்றன. மொழி கற்பிக்க ஏற்றது இரண்டாவது சேர்க்கை. பள்ளிக்கூடம் பெரிதும் கைக்கொண்டது மூன்றாவதை. இதுவே இக்கட்டுரையின் கருதுகோள்.

1. மணலிக்கு வந்த மெட்டு

திருவொற்றியூருக்கு மேற்கே உள்ளது மணலி. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார், அவர் மகன் சின்னையா முதலியார் ஆகியோரின் ஆதரவில் ராமசாமி தீட்சிதர் குடும்பம் இங்கே வாழ்ந்தது. முதலியார் குடும்பம் கிழக்கிந்தியக் கம்பெனியோடு நெருக்கமாக இருந்ததால், புனித ஜார்ஜ் கோட்டையில் வெள்ளையரின் பேண்டு வாத்தியத்தைக் கேட்கும் வாய்ப்பு தீட்சிதர் பிள்ளைகளுக்குக் கிடைத்தது. காதில் விழுந்த அந்த மெட்டுகளுக்கு அவர்களில் ஒருவரான முத்துசாமி தீட்சிதர் (1775–1835) சமஸ்கிருதத்தில் சாகித்தியம் அமைத்தார். நோட்டுஸ்வர சாகித்தியங்கள் என்று இன்றும் பாடப்படுபவை இவையே. இங்கிலாந்து அரச வாழ்த்தின் மெட்டும் அவற்றில் உண்டு. ஆங்கிலம் இந்த வட்டாரத்தின் நாக்குக்குப் பரவலாக வருமுன்பே அதன் மெட்டு காதுக்கு வந்துவிட்டது.

தெரிந்த மெட்டில் புதுச்சொல் ஏற்றுவது தமிழருக்குப் பழகிய வேலைதான். அதற்கு 'வர்ணமெட்டு' என்று பெயரே இருந்தது. சென்னையின் குஜிலிக் கடைவீதியில் விற்ற மலிவுவிலைப் பாட்டுப் புத்தகங்கள் இன்ன பாட்டின் மெட்டு என்று தலைப்பில் குறித்துவிட்டுப் புதுப்பாட்டை அச்சிட்டன. வாங்கியவருக்கு சுரக்குறிப்பு வேண்டியிருக்கவில்லை; மெட்டு ஏற்கெனவே மனத்தில் இருந்தது, கவனம் முழுவதும் சொல்லில் நின்றது. மொழி கற்பிப்போர் கவனிக்க வேண்டிய இடம் இது.

2. துறைமுகச் சொல்லும் கானாவும்

ஆங்கிலச் சொல் இங்கே வேலை வழியாக வந்தது. 1856-இல் ராயபுரம் ரயில் நிலையம் திறந்தது. துறைமுகம் வளர்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எண்ணூரில் அசோக் லேலண்டும், திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப்., என்ஃபீல்டு ஆலைகளும் எழுந்தன. ஷிப்டு, லோடு, கிரேன், டாக்கு, கேங்கு, ஓவர்டைம் எல்லாம் புத்தகத்தில் படித்த சொற்கள் அல்ல. பக்கத்தில் நின்றவர் வாயிலிருந்து பிடித்தவை.

பிடித்த சொல்லைத் தமிழ் வாய் தன் இலக்கணப்படி வளைத்துக்கொண்டது. வல்லின மெய்யில் முடியும் சொல்லுக்குப் பின்னால் தொல்காப்பியம் பேசும் குற்றியலுகரம் தானாக வந்து ஒட்டியது. லோடு நெடிற்றொடர், டாக்கு வன்றொடர், கேங்கு மென்றொடர் என்று இவற்றை வகைப்படுத்தவே முடியும். கொச்சை என்று ஒதுக்கப்படும் உச்சரிப்புக்குள் இரண்டாயிரம் ஆண்டுக்கு நெருங்கிய விதி ஒன்று வேலை செய்கிறது.

இந்தச் சொற்களுக்குத் தாளம் கொடுத்தது கானா. சாவு வீட்டு இரவிலும் தெருமுனையிலும் மேசையைத் தட்டியோ குடத்தைத் தட்டியோ பாடப்பட்ட கானா, சினிமா மெட்டைத் தயங்காமல் எடுத்துக்கொண்டு தன் சொல்லை ஏற்றியது. அவ்வகையில் வர்ணமெட்டின் வாரிசு அது. சென்னைத் தமிழ் 1994-இல் 'காதலன்' படத்தின் பேட்டை ராப் பாட்டில் ஏ. ஆர். ரகுமான் இசையோடு தமிழ்நாடு முழுவதும் ஒலித்தது. 2011 நவம்பரில் இணையத்தில் வெளியான தனுஷ்–அனிருத் கூட்டணியின் கொலைவெறிப் பாட்டு, உகரம் ஒட்டிய ஆங்கிலச் சொற்களாலேயே நடந்து உலகம் சுற்றியது. மெட்டு நம்முடையது, சொல் அயலது என்னும் இரண்டாம் சேர்க்கை அங்கே உச்சம் தொட்டது.

ஆனால் இத்தகைய பாட்டு கற்பிப்பது பெரும்பாலும் பெயர்ச்சொல்லை. சொற்களைக் கோக்கும் வேற்றுமை உருபும் வினைமுடிபும் தமிழாகவே நின்றுவிடுகின்றன. வாக்கியம் வரவில்லை.

3. பள்ளிக்கூடத்தின் வழி

வாக்கியத்தைக் கற்பிக்கப் பள்ளி முன்பே வேறு வழி தேடியிருந்தது. 1950-களின் இறுதியில் பிரிட்டிஷ் கவுன்சில் துணையோடு சென்னை மாநிலத்தில் தொடங்கிய ஆசிரியர் பயிற்சிக்கு 'மெட்ராஸ் பனிப்பந்து' என்று பெயர் வந்தது. பயிற்சி பெற்ற சிலர் பலருக்கும், அந்தப் பலர் இன்னும் பலருக்கும் சொல்லித்தர வேண்டும் என்பது திட்டம். 27,000 ஆசிரியர்களை எட்டும் முயற்சி இது என்று 1962-இல் டி. ஏ. ஸ்மித் எழுதிய கட்டுரையின் தலைப்பே கூறுகிறது. வகுப்பே சேர்ந்து ஒரு வாக்கிய அமைப்பைத் திரும்பத் திரும்பச் சொன்னது. கூட்டுக்குரல் இருந்தது, மெட்டு இல்லை.

சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு இந்த மனப்பாடத்தை மறுத்தார். 1979 முதல் 1984 வரை நடந்த பெங்களூர்த் திட்டத்தில் மாணவர்களுக்கு ரயில் அட்டவணையும் வரைபடமும் கொடுத்துக் கேள்விகள் கேட்டார். மனம் பொருளில் ஆழ்ந்திருக்கும்போதே இலக்கணம் உள்ளே இறங்கும் என்பது அவர் வாதம். பாட்டுக்கு அதில் இடமில்லை என்றாலும், கவனம் வேறொன்றில் இருக்கும்போது மொழி படியும் என்ற கருத்து பாட்டுக்கும் பொருந்தும்.

பாட்டு வகுப்பறைக்கு முறையாக வர வழிசெய்தவற்றுள் ஒன்று செயல்வழிக் கற்றல். 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கிய அம்முறை 2007–08-இல் மாநிலம் முழுவதும் பரவியது. 2011 வரை தனி நகராட்சிகளாக இருந்த திருவொற்றியூருக்கும் கத்திவாக்கத்துக்கும் இந்தப் பரவலே வழி திறந்தது. 2022 ஜூனில் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிவைக்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டம் தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றுக்கும் ஆடலையும் பாடலையும் கருவியாக்கியது.

ஆனாலும் மழலை வகுப்பில் ஆங்கிலப் பாட்டு என்றால் இன்றும் முதலில் ஒலிப்பவை 'லண்டன் பிரிட்ஜ்', 'பா பா பிளாக் ஷீப்' போன்றவைதான். மெட்டும் அயலது, சொல்லும் அயலது. கிரேனையும் கன்டெய்னர் லாரியையும் நாள்தோறும் பார்க்கும் பிள்ளை இரண்டையும் ஒரே நேரத்தில் சுமக்கிறது.

4. ஒரு வாக்கியம், மூன்று தட்டு

'தி ஷிப் இஸ் கமிங் டு தி போர்ட்' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் இதற்கு எட்டு அசைகள். தமிழ் வாயில் ஷிப் 'ஷிப்பு' ஆகும், போர்ட் 'போர்ட்டு' ஆகும், எட்டு பத்தாகிவிடும். அதோடு பத்துக்கும் ஏறக்குறைய ஒரே எடை விழும். தமிழ் யாப்பு குறில் நெடில் அளவைக் கணக்கிடுவது. ஆங்கில நடை அழுத்தத்தில் நிற்பது.

இப்போது மேசையில் மூன்றே தட்டு: ஷிப், கம், போர்ட். தட்டுக்கு நடுவே மற்ற ஐந்து அசைகளும் நெருங்கிக்கொள்ள வேண்டும். தாளம் தவறாமல் நாலைந்து முறை சொன்னால் ஷிப்புக்குப் பின் வரும் உகரத்துக்கு உட்கார இடம் இருக்காது, திருத்தாமலே உதிரும். அமெரிக்க ஆசிரியை கரோலின் கிரகாம் 1978-இல் வெளியிட்ட 'ஜாஸ் சாண்ட்ஸ்' இதே அடிப்படையில் அமைந்தது. அங்கே ஜாஸ் செய்த வேலையை இங்கே கானாத் தாளம் செய்யலாம்.

ஒரு தடையும் உண்டு. கானா மெட்டு வரியின் கடைசியில் இழுத்துப் பாட விடுவதால் 'போர்ட்டு' திரும்பி வரும். தட்டோடு வரி முடியும் மெட்டுகளைத் தேர்ந்தெடுக்க ஆசிரியருக்குக் காது வேண்டும்.

முடிவுரை

அயல்மெட்டில் நம் சொல்லை ஏற்றியதற்கு மணலி சாட்சி. நம் மெட்டில் அயல்சொல்லை ஏற்றியதற்குக் கானா சாட்சி. பெயர்ச்சொல்லோடு நின்றுபோன அந்த இரண்டாம் சேர்க்கையை வாக்கியம் வரை கொண்டுபோவதே வகுப்பறையில் மிஞ்சியிருக்கும் வேலை. மெட்டு தெரிந்ததாக இருந்தால் பிள்ளையின் கவனம் சொல்லுக்கு மிஞ்சும். சொல் தன் தெருவைப் பற்றியதாக இருந்தால் பொருளும் கூடவே வரும்.

இதற்காக வீட்டில் 'லோடு' என்பதைத் திருத்த வேண்டியதில்லை. தமிழில் அது பிழையல்ல, குற்றியலுகரம். ஆங்கில வரியில் அதற்குத் தட்டு இல்லை, அவ்வளவுதான். இரண்டையும் இடமறிந்து சொல்லும் பிள்ளைக்கு இரு மொழியின் ஒலியும் பிடிபட்டுவிட்டது என்று பொருள்.